இரண்டு தபால்தலை

முப்பத்தோரு வருடம்
குவோபியோ தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவள் நான்.
இப்போது என் கைக்கு வரும் முகவரி ஒன்றுதான்:
கலெர்வோவின் முதுகு.

வலத்தோளுக்குக் கீழே, இடத்தோளுக்குக் கீழே,
மார்பு, புஜம், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே.
நாளுக்கொரு இடத்தில் மருந்து வில்லை,
தபால்தலை அளவு.
பதினான்கு நாளைக்குள் அதே இடத்துக்குத் திரும்பினால்
தோல் புண்ணாகும் என்றாள்
மருந்துக்கடைத் துலிக்கி.
நான் நாட்காட்டியில் ஒரு முதுகு வரைந்தேன்.
"யாருடைய உருளைக்கிழங்கு இது?"
என்று கேட்டார் அவர்.

துலிக்கி இன்னும் சொன்னாள்.
கத்தரிக்கோல் வைக்காதே, பாதி மருந்து என்று ஒன்று இல்லை.
ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதே.
உரித்ததை ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்து
நாய்க்கு எட்டாத இடத்தில் போடு.
நாலு நாள் விட்டுப்போச்சா, நீயாக மறுபடி தொடங்காதே,
மருத்துவரைக் கேள்.
முழங்காலுக்கு, மூத்திரப்பைக்கு, தூக்கத்துக்கு என்று
எதை வாங்கினாலும் முதலில் என்னிடம் காட்டு.
சூடு படக்கூடாது.

சூடா?
ஐம்பது வருடச் சனிக்கிழமைகளை
எந்தப் பெட்டியில் போடுவேன், பெண்ணே,
இது பின்லாந்து அல்லவா.
அவள் சிரிக்கவில்லை.
"முதுகில் வில்லையோடு சௌனா வேண்டாம், இர்யா."

நவம்பரில் என் அக்காவைப் புதைக்க
யோவென்சூ வரை போனேன். இரண்டு இரவு.
கொழுந்தன் ரெயோ காவலுக்கு வந்தான்.
எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி
குளிர்பெட்டிக் கதவில் மாட்டியிருந்தேன்,
மீன் வடிவக் காந்தத்தால்.

மீன் ஒரு வரியை மறைத்திருந்தது.
பழையதை உரித்த பிறகே புதியது.

சூடு பற்றிய வரி நன்றாகத்தான் தெரிந்தது.
ஆனால் அண்ணன் கேட்டிருக்கிறார்,
ஒரு சௌனா, ஒரே ஒரு சௌனா என்று.
கேட்டதை மறந்து மறுபடி கேட்டிருக்கிறார்.
எத்தனை தடவை என்று ரெயோ சொல்லவில்லை.

நான் பேருந்திலிருந்து இறங்கி வந்தபோது
படிக்கட்டில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்,
அடுப்புச் சாம்பல் நிறத்தில்.
பக்கத்துப் பனியில் வாந்தி.
"தரை படகு மாதிரி ஆடுது" என்றார்.
மணிக்கட்டைப் பிடித்தேன்.
பனிக்காலத் தீவுத் தபால் போல
நாடி நினைத்தபோது வந்தது.

துண்டை விலக்கினேன்.
வலத்தோளுக்குக் கீழே ஒன்று.
இடுப்புக்கு மேலே, இடப்பக்கம், நேற்றைய தேதியோடு இன்னொன்று.

ஒரு கடிதத்துக்கு இரண்டு தலை ஒட்டினால்
காசுதான் வீண், கடிதம் அதே வண்டியில்தான் போகும்.
இங்கே
சீக்கிரம் போயிருக்கும்.

இரண்டையும் உரித்தேன். தொலைபேசியில் ஒரு பெண் குரல்
எந்த அளவு, எப்போது ஒட்டியது, எவ்வளவு நேரம் சூட்டில் என்றது.
பதிவுத்தபாலுக்குக் கையெழுத்துப் போடுகிறவள் மாதிரி
தடுமாறாமல் சொன்னேன்.
வைத்த பிறகுதான் கை நடுங்கிற்று.
ஆம்புலன்ஸ் வர பதினோரு நிமிடம்.
ரெயோ சட்டையில்லாமல் பனியில் நின்றுகொண்டிருந்தான்,
போர்வையைக் கொடுத்தும் வாங்கவில்லை.

ஓரிரவு கம்பிகளோடு படுத்திருந்துவிட்டு
வீடு வந்தார். எங்கே போயிருந்தோம் என்று கேட்டார்.
ரெயோ இன்னமும் ஞாயிறுதோறும் மீன் கொண்டுவருகிறான்,
வாசலோடு தந்துவிட்டுப் போய்விடுகிறான்.
அவனிடம் என்ன சொல்வது என்று
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.
காந்தம் இப்போது காகிதத்துக்கு வெளியே,
கதவின் மூலையில், எதையும் பிடிக்காமல் இருக்கிறது.
காகிதத்துக்கு நான்கு பக்கமும் பசை நாடா.

இரவு விளக்கணைக்கும் முன்
அவர் சட்டைக்குள் கைவிட்டு
தோள், மார்பு, இடுப்பு என்று தடவிப் பார்க்கிறேன்.
சில நாள் "குளிருது" என்கிறார்.
சில நாள் தூங்கிவிடுகிறார்.
நேற்று மெல்ல என் கையைப் பிடித்து விலக்கி,
மிகுந்த மரியாதையோடு சொன்னார்:
"மன்னிக்கணும். நான் கல்யாணமானவன்."

"தெரியும்" என்றேன்.
இடத்தோள் பாக்கி இருந்தது. பார்த்தேன்.
ஒன்று.