தொழில் என்ற கட்டம்

மரண விசாரணைக்கு
கால்வாயோர மதுவிடுதியின் மாடியை எடுத்திருந்தார்கள்.
நார்தாம்ப்டன் பக்கம், ஜனவரி.
கீழே பீப்பாய் உருளும் ஓசை.
நான் குமாஸ்தா. மை உறைந்துவிடாமல்
புட்டியைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தேன்.

இறந்தவன் ஏசா ஹாம்பிரிட்ஜ், வயது முப்பத்தொன்று,
நிலக்கரிப் படகுக்காரன்.
ஏழாம் மதகில் விழுந்தான்.
குடித்திருந்தான் என்றது கால்வாய்க் கம்பெனி.
இல்லை என்றாள் கெசையா, அவன் மனைவி.
பார்த்த சாட்சி ஒருவர்தான்: ஒபதையா புரூயட்.

தொழில்? என்றார் அதிகாரி.
புரூயட் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
விடையை அதன் உள்விளிம்பில் தைத்து வைத்தவர்போல.
பின்வரிசையிலிருந்து கெசையா சொன்னாள்:
"கொங்கூஸ்லர்."
படகுக்காரர்கள் சிரித்தார்கள். சாவு வீட்டுச் சிரிப்பு,
தொடங்கியதுமே நின்றது.

எனக்கு அந்தச் சொல் தெரியாது.
எழுத்துக்கூட்டிச் சொல்லம்மா என்றேன்.
எழுத்தா? என்றாள்.
படகில் பிறந்தவள். பள்ளிக்கூடமுள்ள எந்த ஊரிலும்
சேர்ந்தாற்போல் இரண்டு இரவு நின்றதில்லை.
பொருளைச் சொன்னாள்:
பாலத்தில் நிற்பான். மதகு திறக்கும், பார்ப்பான்.
மூடும், பார்ப்பான்.
கயிற்றைப் பிடி என்றால் கை பைக்குள் போய்விடும்.
நாள் முழுக்கப் பராக்கு.
திட்டுவதற்குத்தான் அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம்.
சும்மாவும் சொல்வோம்.

அப்படியானால் சோம்பேறி, என்றார் கம்பெனி வக்கீல்,
எழுதிக்கொள் என்பதுபோல் என் பக்கம் திரும்பி.

அப்போதுதான் புரூயட் வாய் திறந்தார்.
ஏழாம் மதகு. இடதுபுறப் பல்சக்கரம்.
அதன் கொக்கி தேய்ந்துபோயிருந்தது.
அறுவடை முடிந்த வாரம் ஒருமுறை நழுவியது.
பனி தொடங்கியபின் இரண்டு முறை.
அன்று காலையும் நழுவியது,
இரும்புக் கைப்பிடி தானே சுழன்று
அவன் நெற்றியில் அடித்தது.
அவன் குடித்தது தேநீர்.
தகரக் குவளை கரையிலேயே இருந்தது,
ஆவி அடங்காமல்.

கொக்கி தேய்ந்ததை யாரிடமாவது சொன்னீரா?

கீழே பீப்பாயும் நின்றுவிட்டது.
"பார்த்தேன்," என்றார்.
அவரிடம் வேறு வினைச்சொல் இல்லை.

கெசையா அவரை வெகுநேரம் பார்த்தாள்.
நன்றியா, மற்றதா,
எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

இரவு மூன்று அகராதிகளைப் புரட்டினேன். இல்லை.
தொழில் என்ற கட்டத்தில்
காதில் விழுந்தபடி எழுதினேன்.
நடுவில் இரண்டு 'ஓ' போட வேண்டியிருந்தது.
பக்கத்தில் பக்கத்தில் வட்டமாக
இமைக்காமல் என்னைப் பார்த்தன.

மார்ச்சில் ஒரு ஞாயிறு ஏழாம் மதகுக்குப் போனேன்.
புதுக் கொக்கி, எண்ணெய் மினுக்கோடு.
பாலத்தில் புரூயட் இல்லை.
அவர் சாய்ந்து சாய்ந்து வழுவழுத்த செங்கல்
என் முழங்கைக்கும் சரியாக இருந்தது.
ஒரு படகு உள்ளே வந்தது. கதவு அடைந்தது.
தண்ணீர் ஏறியது, படகும் ஏறியது,
எனக்கு அவசரமாக ஒரு வேலையும் இல்லை.

சுக்கானைப் பிடித்திருந்த சிறுமி
அண்ணாந்து
அந்தச் சொல்லைச் சொன்னாள்.
யாரை என்று திரும்பிப் பார்த்தேன்.