மூன்று விநாடி

பிரிலெப்பில் அக்டோபர் வந்தால்
பால்கனிக் கொடிகளில்
துணிக்குப் பதில் புகையிலை காயும்.
எங்கள் கண் ஆஸ்பத்திரியின் மாடிப்படி வரை
அந்த வாசம்
செருப்போடு ஏறி வரும்.

வாங்கெலுக்கு அறுபத்திரண்டு.
வலக்கை விரல் இரண்டும் மஞ்சள்.
மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொன்னேன்.

"கண்ணில் தண்ணி நிக்கவே மாட்டேங்குது டாக்டர்.
கடைத்தெருவில் லேசாகக் காத்தடிச்சாப் போதும்,
ரொட்டி விற்கிறவள்கூட
யார் போயிட்டாங்கன்னு கேக்கிறா."

சாயம் ஒரு தொட்டு.
நீல விளக்கு.
இமைக்காதீர்கள் என்றேன்.

விழிமேல் பச்சையாய் ஒளிர்ந்தது நீர்ப்படலம்.
ஒன்று.
இரண்டு.
மூன்று முடியவில்லை,
ஊதினால் பாலாடை கிழியுமே, அப்படி
அங்கங்கே கறுப்பாய் விட்டுப்போனது.
பத்து வரையாவது தாங்க வேண்டும்.

உங்கள் கண் காய்ந்து கிடக்கிறது என்றேன்.
சிரித்தார்.
வழிந்தது.
புறங்கையால் துடைத்துக் காட்டினார்,
சாட்சி போல.

சொன்னேன்:
கண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய் ஒன்று உண்டு,
இமை விளிம்பில் ஊறுவது.
நாற்பது வருடப் புகை அதைக் கெடுத்துவிட்டது.
மூடியில்லாத பாத்திரம், தண்ணீர் ஆவியாகிறது.
எரிச்சலில் கண் பதறிப்போய்
வாளி வாளியாய் ஊற்றுகிறது.
ஊற்றியது எதுவும் கண்ணுக்கில்லை,
கன்னத்துக்குத்தான்.

ஒரு நாளைக்கு எத்தனை?

"ரெண்டு பாக்கெட்.
அடக்கத்தன்னிக்கு மூணு."

கேட்காமலே சொன்னார்.
அண்ணன் ட்ராய்கோ.
அப்பா விட்டுப்போன புகையிலை நிலம்,
நடுவே ஒரு வரப்பு,
அதில் இரண்டடி யாருடையது என்று
பதினோரு வருடம் பேச்சில்லை.

"கல்லறையில் காத்து. சாம்பிராணி வேற.
வழிஞ்சது. நான் ஒண்ணும் செய்யலை.
அண்ணி ஸ்தோயா பார்த்தா.
எல்லாரையும் விலக்கிக்கிட்டு வந்து
என் தலையைத் தோளில் சாய்ச்சுக்கிட்டா.
'இருந்தது, உனக்குள்ளே இருந்தது,
அவரிடம் சொல்லிக்கிட்டே இருந்தேன்'னா.
நான் வாயைத் திறக்கலை டாக்டர்.
திறந்து என்ன சொல்ல?"

மறுநாள் அண்ணனின் கைக்கடிகாரம்
காகிதத்தில் சுற்றி வந்ததாம்.
இப்போது அவர் மணிக்கட்டில் இருந்தது.
வார் ஒரு துளை பெரிது,
கை அசையும்போதெல்லாம் முழங்கைக்கு ஓடியது.

சொட்டு மருந்து எழுதினேன்.
காலையும் இரவும் வெந்நீர் ஒத்தடம்.
சிகரெட்டை விட்டால் மெல்லக் குறையும்,
முழுக்கச் சரியாகும் என்று
வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றேன்.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்,
பாக்கெட் இருக்கிறதா என்று.
எடுக்கவில்லை.
சீட்டை நான்காய் மடித்தார்.

"வழியறது எத்தனை நாளில் நிக்கும்?"

மூன்று வாரம் ஆகலாம். நான்கு.

விரல் மடக்கி எண்ணினார்,
விளக்கின் முன் நான் எண்ணியதைவிட
ரொம்ப மெதுவாக.

"நாற்பதாம் நாள் ஜெபம்
அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி.
அண்ணி பக்கத்தில் நிக்கணும்" என்றார்.

"மருந்தை
அதுக்கப்புறம் ஆரம்பிக்கலாமா?"