பதினான்கு நொடி

படிவத்தில் இருபத்தேழு கேள்விகள்.
விளையாட்டுத் துறை மாணவர்கள் மட்டும், பெயர் வேண்டாம் என்றார்கள்.
கடந்த முப்பது நாளில்
எத்தனை முறை?
எர்மெக் பென்சிலைக் கடித்தபடி கேட்டான்:
‘நாஸ்வாய் இதில் சேருமா, சாப்பாட்டில் சேருமா?’
வகுப்பே சிரித்தது.
‘ஒருபோதும் இல்லை’ என்ற கட்டத்தை நிரப்பினேன்,
கீழுதட்டுக்குள் பச்சை உருண்டை
கரைந்துகொண்டிருக்க.

ஓஷ் சந்தையின் பின்வாசலில் கிடைக்கும்
சின்னப் பொட்டலம்.
புகையிலை, சாம்பல், சுண்ணாம்பு.
பசியைக் கொல்லும். எச்சிலை ஊறவைக்கும்.
எடை பார்ப்பதற்கு முந்தின இரவு
முந்நூறு கிராம் கூடுதலாய் நிற்பவனுக்கு
எச்சில் என்பது
துப்பித் தொலைக்கக்கூடிய உடம்பு.
பிளாஸ்டிக் போத்தலை நடுவில் வைத்து
மாறி மாறித் துப்புவோம்,
அறுபத்தொரு கிலோவுக்கு அவன்
அறுபத்தைந்துக்கு நான்.
பயிற்சியாளர் கண்டுகொள்ளமாட்டார்.
அவர் கீழுதடும் கொஞ்சம் புடைத்துத்தான் இருக்கும்.

கேள்வி பத்தொன்பது:
ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இணையத்தில்?
எர்மெக் இரண்டு என்று எழுதினான்.
அழித்தான்.
மூன்று என்று எழுதினான்.
பக்கத்துக் கட்டிலில் படுப்பவன் நான்.
விடியும்வரை எங்கள் கூரையில் நீலம் அலையும்.

அவன் வேறெதையும் பார்ப்பதில்லை.
போன இலையுதிர்காலத்தில், அல்மாட்டியில்,
ஒரு கசாக் பையன் அவனை இடுப்போடு தூக்கித்
தலைகீழாய் நட்ட பதினான்கு நொடி.
யாரோ எடுத்தது. யாரோ வெட்டி,
அவன் கால்கள் காற்றில் உதறும் இடத்தில்
ஆட்டுக்குட்டியின் கத்தலை ஒட்டியது.
நாலு லட்சம் பேர்.
காலையில் நாலு லட்சத்து ஆறாயிரம்.
‘அதில் பாதி நீதான்’ என்றேன் ஒருநாள்.
மூன்று நாள் பேசவில்லை.

ஜனவரி. பிஷ்கெக்கின் நிலக்கரிப் புகை
ஜன்னலை அடைத்த ஓரிரவு
மின்சாரம் போனது.
விடுதி முழுக்க ‘ஓ’ என்றொரு கூச்சல்.
சற்று நேரத்தில் கோபுரமும் செத்தது.
அவன் திரையில் சின்ன வட்டம்
சுற்றிச் சுற்றிச் சுற்றி
பேட்டரியோடு அணைந்தது.

இருட்டில் அவன் மூச்சு எனக்குக் கேட்டது.
இதே அறையில்தான் இருக்கிறான்.
சார்ஜரைத் தடவிச் செருகிவிட்டு
‘எழுந்திரு’ என்றான்.
மெத்தைகளைத் தரைக்கு இழுத்தோம்.
போத்தலைக் காலால் ஒதுக்கி
உதட்டில் இருந்ததைத் துப்பினேன்.

கண்ணில்லாத பிடி.
அவன் மணிக்கட்டு எங்கே என்று என் விரலுக்குத் தெரிந்தது,
என் எடை எந்தக் காலில் என்று அவன் தோளுக்கு.
கட்டில் கால் இடித்தது.
யாரோ சுவரைத் தட்டி வைதார்கள்.
இரண்டு முறை விழுந்தேன்.
ஒரு முறை அவனை அதேபோல்
இடுப்போடு தூக்கினேன்:
தலை கீழே, கால்கள் காற்றில்.
ஆடு கத்தவில்லை.
தலைகீழாகவே சிரித்தான்.
மெதுவாக இறக்கினேன்.

நாலு மணி பத்துக்கு விளக்கு வந்தது.
அப்போது அவன் முழங்கை என் கழுத்தைச் சுற்றியிருந்தது.
சுத்தமான பிடி. இன்னும் ஒரு நொடி, தோற்றிருப்பேன்.
செருகி வைத்தது விழித்து
மேசை மேல் அதிர்ந்தது.
பிடி தளர்ந்தது.

திட்ட வாயெடுத்தேன்.
சொல் வரவில்லை.
கீழுதட்டின் குழியை
நாக்கு
துழாவிக்கொண்டிருந்தது.