காற்று அதிகம்

"நாவலில் காற்று அதிகம்,
பாதியைக் குறைத்தால் பார்க்கலாம்"
என்று எழுதியிருந்தார் சாந்தியாகோ பதிப்பாளர்.
புன்ட்டா அரேனாஸுக்கு அவர் வந்ததே இல்லை.
இங்கே தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
மனிதர் பிடித்து நடக்க.

ஒன்பது வருடம்.
படகுத்துறை டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால்
படகு ஓடாத இரவுகளில்
பழைய ரசீதுகளின் முதுகில் எழுதியது.

"கூரை என்னாவது எர்மிந்தா?" என்றான் தம்பி.
பிய்ந்த தகரத்தை மாற்ற வைத்திருந்த பணத்தை
அச்சகத்து லௌத்தாரோவிடம் கொடுத்தேன்.
இரண்டு தடவை எண்ணினார்.
முந்நூறு பிரதிக்கு ஒரு ரசீது தந்தார்.
அதன் முதுகு வெறுமையாக இருந்தது;
மடித்து வைத்துக்கொண்டேன்.

பெட்டிகள் வந்தன.
நாற்பத்தொன்றாம் பக்கத்தில்
நாயகியின் பெயரே தப்பு!
முந்நூறிலும் பேனாவால் திருத்த
மூன்று இரவு பிடித்தது.
கடைசி ஐம்பதில் என் கையெழுத்து
எனக்கே புரியவில்லை.

இந்த வீட்டில் எங்கே ஒழுகும்,
எங்கே ஒழுகாது என்று எனக்குத் தெரியும்.
கட்டிலை நகர்த்திவிட்டு
அந்த இடத்தில் பெட்டிகளை அடுக்கினேன்.

தலைக்கு நேர் மேலே
தகரம் அடித்துக்கொள்கிறது இப்போது,
ஒரு வரிகூடக் குறைக்காமல்.