பதினேழாம் காது

ஏழாம் வார்டில் அன்று பதினேழு பேர் வரிசை.
நான் கடைசி.
"நல்ல கேஸ்," என்றார் தாணுமாலயன் சார்.
"பரீட்சைக்கு வைப்பாங்க. யாரும் விட்டுராதீங்க."

நல்ல கேஸின் பெயர் ஜெசிந்தா.
முப்பத்து நாலு வயது, ஊர் குறும்பனை.
ஐந்தாவது ஆளுக்குப் பிறகு
யாரும் சொல்லாமலே இடப்பக்கம் சரிந்தாள்,
மூச்சை வெளியே விட்டுப் பிடித்தாள்,
தோளில் கிடந்த துவர்த்தை
எவ்வளவு விலக்க வேண்டுமோ
அவ்வளவே விலக்கினாள்.

ஷெபின் கேட்டான், தலையாட்டினான்.
அடுத்து நான்.
அழுத்தாதே, சும்மா வை என்றார்கள்.
வைத்தேன்.
ஃபேன்.
பக்கத்துக் கட்டிலில் கஞ்சித்தூக்கின் மூடி.
என் காதுக்குள் என் சொந்த இரத்தம்.

"கேட்டுதா?"
"கேட்டுது சார்."
"எப்படி இருந்துது?"
"தூரத்துல இடி உருளுற மாதிரி."
புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

விடுதியில் பதிவேட்டைத் திறந்தேன்.
தேதி, நோயாளி, கண்டது, கற்றது, ஆசிரியர் கையெழுத்து.
கற்றதற்கு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
நீல மையில் இடியை எழுதினேன்.
கையெழுத்து அழகாக வந்திருந்தது,
அதுதான் தூங்கவிடவில்லை.

இரவு பத்தரைக்குப் போனபோது
இரண்டு தலையணையில் சாய்ந்து விழித்திருந்தாள்.
மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும் அவளுக்கு.
"இன்னொரு தடவை கேக்கலாமா அக்கா?"
"பகல் கேட்டியளே டாக்டரே."
"இல்ல. கேக்கல. பொய் சொன்னேன்."
சிரித்தாள், சிரிப்பு இருமலானது, நின்றேன்.
"பதினேழு பேரு கேட்டாவ.
எனக்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல்லியே."

நான் குலசேகரத்து ரப்பர்க் காட்டுக்காரி.
ஒரே மாவட்டம்தான், ஆனாலும்
கடற்கரைப் பேச்சின் வேகத்தில்
எனக்குப் பாதி நழுவும்.
பையச் சொல்லுங்க என்றேன்.
வால்வு என்ன என்று கேட்டாள்.
கதவு என்றேன், சுருங்கிப் போன கதவு.
சின்ன வயதில் தொண்டை பழுத்துக் காய்ச்சல் வந்து
முட்டெல்லாம் வீங்கி, அதிலிருந்து தொடங்கியிருக்கும்.

அவள் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு,
"எனக்க இளையவனுக்கு இப்பம் முட்டு வேதனை.
நேத்து வலத்த முட்டு, இண்ணு கணுக்கால்.
வளருத வேதனைன்னாரு மருந்துக்கடைக்காரரு.
அதுக்கு முன்ன தொண்டை பழுத்துத்தான் கெடந்தான்."

பக்க எண் எனக்குத் தெரியும்.
இடதுபக்கத் தாள், மஞ்சள் கோடு போட்டது.
அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன்
நொண்டி நொண்டி இறங்கி வருவான் என்று
நான் நினைத்ததில்லை.

மறுநாள் சித்தியோடு முதல் பஸ்ஸில் வந்தான் ஜோபின்.
ஒன்பது வயது, சிவப்புப் பந்து போல ஒரு கணுக்கால்.
அப்பா தேங்காய்ப்பட்டணத்தில் விசைப்படகு ஏறி
இருபது நாளாகிறது, போன் எடுக்காது.
எக்கோ பார்த்தவர் எதுவும் சொல்லாமல்
நெஞ்சிலிருந்த ஜெல்லைத் துடைத்தார்.
இருபத்தொரு நாளுக்கு ஒரு ஊசி.
"எத்தனை நாளைக்கு?" என்றான்.
"கொஞ்ச வருஷம்."
"கொஞ்சம்னா?"
பதில் தெரிந்தும் சொல்லவில்லை.

இரண்டு நாள் ஜெசிந்தா என்னிடம் பேசவில்லை.
அந்த நோயை
நான்தான் குறும்பனைக்கு அனுப்பியது போல.
மூன்றாம் நாள், முகம் பாராமல்,
"அவனுக்கு ஊசி போட்டாச்சா?"

சனிக்கிழமை மறுபடி வரிசை.
சார் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்.
ஜெசிந்தா சரிந்தாள்.
"கேட்டுதா?"
"இல்ல சார். அன்னைக்கும் கேக்கல."
பின்னால் யாரோ இருமினார்கள்.
சார் எதுவும் சொல்லவில்லை.
சுவர்ப்பக்கம் போய் ஃபேனை அணைத்தார்.

பழைய ஃபேன், உடனே நிற்காது.
இறக்கைகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும்வரை
குனிந்தபடி இருந்தேன்.
மூச்சைப் பிடித்திருந்தாள் அவள்,
நானும்.