துளை நகர்ந்த தூரம்

காகிதத்தில் ஓட்டை போடும் கருவிதான்.
அலுவலகங்களில் ரசீது கோப்பதற்கு வைத்திருப்பார்களே, அது.
துருப்பிடிக்கக்கூடாதென்று ஒவ்வொரு முறையும்
சமையலெண்ணெய் தடவி எடுத்துப்போகிறேன்.

சிலோயே தீவின் மேற்குக் கரை. எட்டு மீட்டர் ஆழம்.
விரல்கள் என்னுடையவைதானா என்று
சந்தேகம் வருகிற குளிர்.
ஹுயிரோப் பாசியின் இலையைப் பிடித்து நிறுத்தி
அடியிலிருந்து பத்தாவது சென்டிமீட்டரில்
ஒரு துளை.
இருபது இலை, இருபது துளை,
காம்பில் ஆளுக்கொரு ஆரஞ்சு நிற எண் அட்டை.
முப்பது நாள் கழித்துத் திரும்ப வந்து
துளை எங்கே போயிருக்கிறதென்று பார்க்க வேண்டும்.

போயிருக்கும்.
இந்தப் பாசி நுனியில் வளர்வதில்லை.
அடியில் புதிது பிறந்து
பழையதை முன்னால் தள்ளுகிறது,
நெரிசலான படகில் கடைசியாக ஏறுகிறவனைப்போல.
முன்னால் நிற்பது கிழிந்து
கடலோடு போகிறது.

போன மாதம் இரண்டு முழம்.
இந்த மாதமும் இரண்டு முழம்.
ஒன்றுமே நடக்கவில்லை என்பான் அளந்து பார்த்தவன்.
துளையைக் கேட்டால்
முப்பத்தொன்று என்கிறது.

நிற்பது வேறு, விளைவது வேறு.
இதை மட்டும் புரிந்துகொள்ள
எனக்கு மூன்று குளிர்காலம் ஆனது.

ஜூலையில் புயல்.
இறங்கிப் பார்த்தால் பதினேழு இலைதான்.
ஏழு, பன்னிரண்டு, பத்தொன்பதைக் காணோம்.
பாறையில் காம்பின் தழும்புகூட இல்லை.

அட்டவணையை அனுப்பினேன்.
ஹோபார்ட்டிலிருந்து பிரயொனி எழுதினாள்.
உலகக் கடல்களின் பாசி விளைச்சல் முழுவதையும்
ஒரே தாளுக்குள் கொண்டுவருகிறவள்:
சதுர மீட்டருக்கு, ஆண்டுக்கு, இத்தனை கிராம் கார்பன்.
எனக்கு மேல் வரிசையில் ஸ்பிட்ஸ்பெர்கன்,
கீழ் வரிசையில் நமீபியா.
முகம் தெரியாத அவர்களும்
எங்கோ கையுறையைக் கழற்றி
விரல்களை ஊதிக்கொண்டிருப்பார்கள்.
"உங்கள் வரிசையில் மூன்று கட்டங்கள் காலி.
பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளலாமா?"

அந்த வாரம்தான்
ருபெர்த்தினா நாவெல்கின் வீட்டு வேலியருகே
ஒரு வாத்தைப் பார்த்தேன்.
காலில் ஆரஞ்சு அட்டை. பன்னிரண்டு.
பின்னால் ஏழு. குட்டைக்குள் பத்தொன்பது.

"உன்னுடையதா?" என்றாள்.
"கரையில் குவியலாகக் கிடந்தது. ஒன்பது சாக்கு.
அடையாளத்துக்கு நல்லதாயிற்றே என்று கட்டினேன்.
பன்னிரண்டு முட்டையிட ஆரம்பித்துவிட்டது, எழுதிக்கொள்."

பாசி?
உருளைக்கிழங்குப் பாத்தியைக் காட்டினாள்.
முழங்காலிட்டுக் கிளறினேன்.
கறுத்து, சுருங்கி, தோல் வாரைப்போல் ஒன்று.
அதில் சுத்தமான வட்டமாக
என் துளை.

அடிமுனையிலிருந்து அளவுகோல் வைத்தேன்.
பதினாறு.
ஈரத்தில் எவ்வளவு இருந்திருக்கும், தெரியாது.
எந்த நாள்வரை வளர்ந்தது, தெரியாது.
எந்த இலை என்று சொல்ல
வாத்துக்குத்தான் தெரியும்.
கட்டத்துக்குள் வைக்க முடியாத எண்.
இருந்தாலும்
பத்தைத் தாண்டியிருந்தது.

பிரயொனிக்கு எழுதினேன்:
பூஜ்ஜியம் வேண்டாம்.
பூஜ்ஜியம் என்றால் அங்கே எதுவும் வளரவில்லை.
காலி என்றால்
வளர்ந்தது, நான் போய்ச் சேரவில்லை.
அப்படியே விடு.

குறிப்புக் கட்டத்தில் என்ன போடுவது என்று
வெகுநேரம் யோசித்து, "புயல்" என்று மட்டும் போட்டேன்.
உருளைக்கிழங்கைப் பற்றிக் கேட்க
அங்கே கட்டம் இல்லை.

நாளை நீர் வற்றும் நேரம் ஆறு நாற்பது.
கருவிக்கு எண்ணெய் தடவியாயிற்று.
மூன்று அட்டை குறைகிறது;
கேட்கப் போனால் பத்தொன்பது
கழுத்தை நீட்டிக்கொண்டு துரத்துகிறது.