செவ்வாய்க்கிழமை போக வேண்டாம்

முதல் நாள் எங்களைக் கண்டதும்
முத்தையன்கட்டு இடதுகரையில்
ஏழு வீடுகளில் ஆட்கள் இல்லாமற் போனார்கள்.
அடுப்பில் உலை கொதித்தது.
கொடியில் ஈரச் சீலை சொட்டிக்கொண்டிருந்தது.
ஒரு கோழிகூட
சற்றுமுன் யாரோ எறிந்த அரிசியைத்தான் கொத்தியது.

கோகுலராஜ் தன் படிவத்தில்
'வீட்டார் இல்லை' என்று ஏழு தடவை எழுதினான்.
முத்து முத்தான கையெழுத்து அவனுக்கு.

நான் வீரை மரத்தடியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு
கைநூலை நினைத்துக்கொண்டேன்.
சமூகப்பணி, இரண்டாம் ஆண்டு, பக்கம் நாற்பத்தொன்று:
'பயனாளியுடன் நல்லுறவை ஏற்படுத்தல்.'
ஐந்து படிகள். எனக்கு மனப்பாடம்.
முதற்படி, புன்னகை.
ஆளில்லாக் கச்சான் தோட்டத்தைப் பார்த்துப்
புன்னகைத்தேன்.

எட்டாவது படலையில் ஒரு பொடியன்.
ஆறு வயதிருக்கும்,
காற்சட்டையை ஊசி பிடித்திருந்தது.
'அம்மா இல்லை
முல்லைத்தீவுக்குப் போட்டா
எப்ப வருவா எண்டு தெரியாது.'
ஒரே மூச்சு.
பிறகு என் நீலப் பைலைப் பார்த்தான்.
'நீங்கள் எந்தக் கொம்பனி?'

அன்று செவ்வாய்க்கிழமை.

நுண்கடனைப் பற்றி எங்களுக்கு இரண்டு விரிவுரைகள் நடந்தன.
வட்டி வீதம், குழுப் பிணை,
பெண்களை வலுவூட்டல் என்றொரு வரைபடம்,
அதில் மேல்நோக்கிய அம்புக்குறி.
தவணை வாங்க வருபவனும்
நீலப் பைலோடுதான் வருவான் என்பது
அதில் இருக்கவில்லை.

ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விசுவமடுவில், பன்னிரண்டு வயதில்,
நானும் படலையில் நின்றவள்.
அம்மா கோழிக்கூட்டுக்குப் பின்னால் குந்தியிருப்பாள்,
இருமல் வந்தால் முந்தானையைக் கடித்துக்கொண்டு.
என் அம்மா எப்போதும்
கிளிநொச்சிக்குப் போயிருந்தாள்.
நான் அந்தப் பொடியனைவிட நன்றாகச் சொல்வேன்,
இடையில் மூச்சு விடுவேன்,
வந்தவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்பேன்.

மூன்றாவது கடனில்தான் என் விடுதிக் காசு.
அந்த நீலப் பைலும் அதில் வாங்கியதுதான்.

அடுத்த வாரம் புதன்கிழமை
பஸ்ஸில் போய் இறங்கி
கிரவல் வீதியால் நடந்து போனேன்.
கையில் ஒன்றுமில்லை.
கைநூலில் இல்லாத ஒரு படியாக
கச்சான் ஆயக் குந்தினேன்.
மண் நகத்துக்குள் போனது.
எல்லாரும் ஒரு கடகம் நிரப்ப
நான் அரைக் கடகம்.
சிரித்தார்கள்.
கச்சான் விலை பற்றிப் பேசினார்கள்,
யானை வந்து போன வேலி பற்றி,
கடனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.
நானும் கேட்கவில்லை.
கேட்காமல் இருப்பதற்கு
எனக்கு நான்கு புதன்கிழமைகள் பிடித்தன.

அறிக்கைப் படிவத்தின் கடைசிக் கட்டம்:
'களப்பயிற்சியில் நீங்கள் கற்றுக்கொண்டது,
மூன்று வரிக்கு மேற்படாமல்.'
'செவ்வாய்க்கிழமை போக வேண்டாம்' என்று எழுதினேன்.
இரண்டு வரி மிச்சம்.
விரிவுரையாளர் சிவப்பால் வட்டமிட்டு
'விளக்குக' என்றார்.
இன்னும் விளக்கவில்லை.

கோகுலராஜ் ஒன்றும் கேட்காமல்
தன் பழைய படிவத்தை எடுத்தான்.
ஏழு 'இல்லை'யையும் வெட்டினான்.
மேலே நெருக்கி எழுதினான், 'இருந்தார்கள்.'
அந்தக் கையெழுத்து அவ்வளவு அழகாயில்லை.

கடைசிப் புதன்கிழமை பவளராணி,
அந்தப் பொடியனின் தாய்,
கச்சான் செடியை உதறியபடி
என்னைப் பார்க்காமலே கேட்டாள்,
'உங்கட அம்மா எங்க, பிள்ளை?'

வாய் தன்பாட்டில்
கிளிநொச்சி என்று தொடங்கியது.

நிறுத்தினேன்.

'வீட்டிலதான்' என்றேன்.
'வீட்டிலதான் இருக்கிறா.'